மாமா வெட்டி எறிந்த நடை

போன வாரக் கதையின் முடிவில், சாப்பாட்டு மேசையில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு அத்தான் பாட்டுக்குக் கை கழுவப் போனார். மகள் சிட்டுவின் கணுக்காலில் சின்னதாகத் துளை போட்டு, கேமராவை விட்டு உள்ளே பார்த்துவிடுவதாக ஒரு சர்ஜன் ஒப்புக்கொண்டுவிட்டார், நாளை மறுநாள் காலையிலேயே அழைத்து வரச் சொல்லிவிட்டார் என்பதுதான் அந்த வெடி. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சிட்டுவுக்குப் பதினைந்து வயது. பத்து மாதத்துக்கு முன்னால், பள்ளிக்கூட வாலிபால் அணியில் வலைக்கு முன்னால் எகிறிக் குதித்தவள், இறங்கும்போது வலது காலை மடக்கிக்கொண்டாள். கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பும் தசைநாரும் சமர்த்தாகச் சேர்ந்துவிட்டன. வலி மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி காலி செய்ய மறுத்தது. மாடிப்படியைக் கண்டால் அழுகை, பள்ளிக்கூடம் பாதி நாள், வாலிபால் பரண்மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிட்டுவின் அம்மாவுக்கு வேலையே இதுதான். ஆஸ்பத்திரியில், நாள்பட்ட வலியோடு வருகிற பிள்ளைகளின் பிரிவில் அவள் பிசியோதெரபிஸ்ட். யார் யார் பிள்ளைகளையோ நடக்கவைத்தவள், சொந்த மகளிடம் வாயைத் திறந்தால் மட்டும் "அம்மா, ப்ளீஸ்" என்று கதவு சாத்தப்படும்.

அதனால்தான் தம்பியைப் பிடித்தாள். தம்பி கார்ட்டூன் படம் செய்கிறவர். சின்ன வயதில் வீட்டுச் சுவரில் ஓர் அங்குலம் மிச்சம் வைக்காமல் கிறுக்கியதால் அக்காவுக்கு அவர் இன்றும் 'கிறுக்கன்'தான். சிட்டுவுக்கு 'கிறுக்கு மாமா'. பற்பசை விளம்பரத்துக்குக் கிருமிகளை ஆடவைத்துக்கொண்டிருந்தவரை, வலி என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு படம் செய்துகொடு என்று கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துவந்தாள்.

படம் தயார். முதன்முதலாகப் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் காட்டப்போவது இன்றைக்கு. காலையில் தேநீர் ஆறுவதற்குள் அக்கா தன் கணவரான அத்தானிடம் ஓர் ஒப்பந்தம் போட்டாள். அவரும் சிட்டுவும் வந்து படத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, நாளைக்கு சர்ஜனிடம் போவதா வேண்டாமா என்று சிட்டு சொல்ல வேண்டும். கால் அவளுடையது.

அத்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையைக் கக்கத்திலிருந்து இறக்கவில்லை.

அத்தானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், அடிபட்டவர்கள் கேட்கும் நஷ்டஈட்டைத் துருவிப் பார்க்கும் அதிகாரி. நடக்க முடியவில்லை, குனிய முடியவில்லை என்று யாராவது எழுதிப் போட்டால், அவர் ஆபீஸ் ஆள் ஒருவர் எட்ட நின்று அவர்களை வீடியோ எடுத்துவருவார். அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார். முதுகு போய்விட்டது என்று எழுதிக்கொடுத்த கிடங்கில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், தெருவில் தன் குழந்தையை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டதைப் படத்தில் பார்த்து அத்தான் கையும் களவுமாகப் பிடித்து நஷ்டஈட்டை நிறுத்திய கதையை இந்த வீடு விழுந்து விழுந்து சிரித்துக் கேட்டிருக்கிறது. அதெல்லாம் சிட்டு விழுவதற்கு முன்னால்.

வண்டியை எடுக்க அத்தான் போயிருந்தபோது, வாசல் படியில் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிய சிட்டு ஒன்று சொன்னாள்.

"மாமா, நாளைக்குக் காலுக்குள்ள ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"என்ன பேச்சு இது? இல்லாம இருந்தாதானே நல்லது?"

"இருந்தாதான் அப்பா நம்புவார்."

"அப்பா உன்னை ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லலை. ஸ்கேனைப் பார்க்கறார். அப்புறம் என்னைப் பார்க்கறார்."

மாமா தோள்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பரவாயில்லை, பத்து நிமிடப் படம் ஒன்று பையில் இருக்கிறது, அது பதில் சொல்லும் என்று நினைத்துக்கொண்டார். தன் வேலைமேல் அவருக்கு எப்போதுமே நம்பிக்கை அதிகம். அதில் பாதி நியாயமானது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் உடற்பயிற்சிக் கூடத்தைத்தான் அரங்கமாக்கியிருந்தார்கள். ரப்பர்ப் பாய்களைச் சுருட்டி ஓரத்தில் நிறுத்தி, நாற்காலிகளைப் போட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கையைத் தூளி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண், கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பும் ஒரு நெட்டைப் பையன், வயிற்றைப் பிடித்தபடியே உட்காரும் ஒருத்தி என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோர் முகத்திலும், இன்னொரு அறிவுரையா என்கிற அலுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்த அலுப்பு ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் திரையில் வந்தவன் ஒரு காவல்காரன். தலைக்குள் ஒரு கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். கழுத்தில் விசில். உடம்பில் எங்காவது ஆபத்து என்று தகவல் வந்தால் ஊதுவான். அந்த விசில்தான் வலி. ஒரு நாள் கணுக்கால் பக்கத்துச் சுவர் இடிந்துபோக, மூச்சு முட்ட ஊதித் தள்ளுகிறான். கொத்தனார்கள் வந்து சுவரைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பயந்த காவல்காரனுக்கு அதற்குப் பிறகு தூக்கமே இல்லை. காற்றடித்தால் ஊதுகிறான். இலை விழுந்தால் ஊதுகிறான். தபால்காரர் செருப்பைக் கழற்றினால் ஊதுகிறான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். தூளிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். 'விசில் பொய்யில்லை, உன் காதில் நிஜமாகவே கேட்கிறது. திருடன்தான் இல்லை' என்று படத்தின் குரல் சொன்னபோது, நெட்டைப் பையன் தன் அம்மாவின் பக்கம் உடம்போடு திரும்பி, கேட்டுக்கொண்டாயா என்கிற மாதிரி பார்த்தான். கடைசி வரிசையில் நின்றிருந்த மாமா, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அப்போதுதான் திரையில் அந்தக் காவல்காரனின் முதலாளி, அதாவது அந்தத் தலைக்குச் சொந்தக்காரன், நடந்துவந்தான். சுருட்டைமுடி, ஊதாச் சட்டை, பையன். வலது காலை ஊன்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய இடது தோள் மேலே ஏறியது. கை போய்ச் சட்டை விளிம்பைக் கிள்ளியது. கால் ஊன்றியது. திரும்பவும் தோள், கிள்ளல், கால். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரைக்கும் தோள், கிள்ளல், கால்.

தூளிப் பெண் திரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சிட்டுவைப் பார்த்தாள். சிட்டுவின் கை, தன் சட்டை விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

சிட்டு எழுந்தாள். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து, எல்லோரும் பார்க்க, தோள், கிள்ளல், கால் என்று வெளியே போனாள்.

மாமா பின்னாலேயே ஓடினார். கூடத்துக்கு அடுத்த சின்ன அறையில், பயிற்சிச் சைக்கிளின்மேல் சாய்ந்து நின்றிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனவருக்கு ஏமாற்றம். அவள் அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப எடுத்த?"

மாமா மழுப்பப் பார்த்தார். கார்ட்டூன்காரர்கள் நடையை மனசிலிருந்து வரைவதில்லை, யாரையாவது பார்த்துத்தான் வரைவார்கள் என்று தொழில் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவள் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அவள் முனைக்கடையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு வந்ததை வீட்டுப் பால்கனியிலிருந்து போனில் எடுத்ததாக அசடு வழிய ஒத்துக்கொண்டார். முடியை மாற்றினோம், சட்டையை மாற்றினோம், பையனாகவே மாற்றிவிட்டோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டார். முகத்தைவிட நடைதான் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா ஆபீஸ்ல பண்றதைத்தானே நீயும் பண்ணியிருக்க. ஒளிஞ்சு நின்னு."

தப்பு என்று மாமா சொன்னார். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, முழுக்க முழுக்க என் தப்பு என்றார். சமாதானமாக எதையும் கூடச் சேர்க்காமல் சொன்னதால் அது எடுபட்டது. சிட்டு கொஞ்சம் மூச்சு விட்டாள்.

ஆனால் அவள் கிறுக்கு மாமாவின் மேசைக்குக் கீழேயே வளர்ந்தவள். தொழில் ரகசியம் எல்லாம் அத்துபடி. நடை வேண்டுமென்றால் முழுத் தெருவையும் யாரும் வரைய மாட்டார்கள். இரண்டே அடியைச் சில படங்களாக வரைந்து, அதையே செக்குமாடு மாதிரி சுற்றவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு ஆள் நடந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும்.

"மொத்தத் தெருவுக்கும் அதே ரெண்டு அடியைச் சுத்த விட்டியா? நான் அப்படியேவா நடந்தேன், கடைசி வரைக்கும்?"

மாமா சட்டைப்பையில் இருந்த போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"மீதியைக் காட்டு."

"வேண்டாம்மா."

"ஏன்?"

ஏனென்றால், அப்படியே நடக்கவில்லை. நடுவில் கொஞ்ச தூரம் அவள் நேராக நடந்திருந்தாள். அந்தத் துண்டு பாத்திரத்தோடு ஒட்டவில்லை, நொண்டுகிறவன் திடீரென்று நேராக நடந்தால் படம் பார்க்கிறவன் குழம்புவான் என்று மாமா அதை வெட்டி எறிந்துவிட்டார். வெட்டும்போது அதைப்பற்றி இரண்டாவது முறை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார். வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் நேராக நடக்கிற படத்தைத் தேடிப் பிடிப்பதே வேலையாக உள்ள மனிதர் பக்கத்து அறையில், ஸ்கேன் உறையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் பூசி மெழுகாமல் அவளிடம் சொன்னார். சிட்டுவின் முகம் வெளுத்தது.

"நேராவா நடந்தேன்?"

"கொஞ்சம்."

அவள் பயிற்சிச் சைக்கிளின் பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பிறகு, அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடு என்றாள். மாமா தயங்கினார். நாளைக்கு என் காலில் ஓட்டை போட்டுப் பார்க்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் என் நடையை நானே முழுசாகப் பார்க்கக் கூடாதா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு முன்னால் மாமா கையைத் தூக்கிவிட்டார்.

படம் முடிந்து கூடத்தில் கைதட்டல் கேட்டது. அது தன் காதில் விழவேயில்லை என்று மாமா பிற்பாடு சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேரும் மடிக்கணினியைச் சுற்றி நின்றார்கள். நடந்த திருட்டுத்தனத்தை மாமா அக்காவிடம் ஒப்புக்கொண்டு, 'அறிவிருக்காடா உனக்கு' என்கிற ஒரே ஒரு கேள்வியோடு தப்பித்தார். பிறகு வீடியோவைத் தட்டிவிட்டார்.

ஈரத் தெரு. ஈ காக்கை இல்லை. ரொட்டிப் பொட்டலத்தோடு சிட்டு வருகிறாள். தோள், கிள்ளல், கால். சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பவும் நடக்கிறாள். தோள், கிள்ளல், கால். பின்னாலிருந்து ஒரு தோழி சைக்கிளில் வந்து வேகத்தைக் குறைக்கிறாள். யாரையோ மாதிரி கன்னத்தை உப்பிக்காட்டி ஏதோ சொல்கிறாள். சிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே சைக்கிளுக்குப் பக்கத்தில் நடக்கிறாள். தோள் ஏறவில்லை. கை கிள்ளவில்லை. தேங்கிக்கிடந்த தண்ணீரை, வலது காலை முதலில் வைத்துத் தாண்டுகிறாள். தோழி போய்விடுகிறாள். சிட்டு வீட்டு வாசலுக்கு வந்து படிகளைப் பார்க்கிறாள். படியில் கால் வைப்பதற்கு முன்பே, வெறுமனே பார்த்ததுமே, இடது தோள் மேலே ஏறுகிறது.

வீடியோ முடிந்தது.

"மறுபடி போடு" என்றார் அத்தான்.

மாமா போட்டார். அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கணினிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அது அவருடைய ஆபீஸ் முகம். அந்த முகத்தைக் கண்டு சிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா குறுக்கே ஏதோ சொல்ல வந்தாள், அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

மாமாவிடம் கேள்விகள் கேட்டார். எங்கே நின்று எடுத்தாய்? அவளுக்குத் தெரியுமா? தெருவில் வேறு யாராவது இருந்தார்களா? சன்னல்களில்? யாரும் இல்லை, அவளுக்குத் தெரியாது என்று மாமா குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். இந்த முறை நடுவில் ஸ்கேன் இல்லை.

"நொண்டற வீடியோ எத்தனையோ பார்த்திருக்கேன்மா. நடிக்கிறவங்க, பார்க்க ஆள் இருந்தா நொண்டுவாங்க. தனியா விட்டா மறந்துடுவாங்க. நீ ஆளே இல்லாத தெருவுல நொண்டியிருக்க. ஆள் வந்ததும் மறந்திருக்க." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது நடிப்பு இல்ல."

சிட்டு இப்போதுதான் அழுதாள். பத்து மாதத்து அழுகை. அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "வலிக்குதுப்பா, நிஜமா வலிக்குது" என்றாள். தெரியும், தெரியும் என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிஜத்தில் அவருக்கு அது தெரிந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் தெரிந்துவிட்டது. மகள் பொய்க்காரி இல்லை என்று நிரூபிக்கத்தான் அந்த மனிதர் ஊரிலுள்ள ஸ்கேன் மிஷின்களையெல்லாம் வலம்வந்தார் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சிட்டு கணினிக்கு வந்தாள். படியைப் பார்க்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தினாள்.

"கால் இன்னும் படியில படவே இல்ல. அதுக்குள்ள ஊதிட்டான் பாரு, அந்த லூசு."

அக்கா சிரித்துவிட்டாள். பத்து மாதமாக அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். இதை முதலில் நான்தான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருக்க அவள் பட்ட பாட்டைத் தம்பி மட்டும் கவனித்தார்.

சிட்டு தன் முடிவைச் சொன்னாள். நாளைக்கு ஓட்டை கீட்டை எதுவும் வேண்டாம். இந்தப் பிரிவில் வலிக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்கிறேன். சொல்லித்தர அம்மா வரக்கூடாது, வேறு யாராவது வரட்டும். அம்மா வீட்டில் அம்மாவாக இருந்தால் போதும். அக்கா மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். சந்தோஷத்தில் மகளின் மூக்கைப் பிடித்துத் திருகியும் வைத்தாள்.

"மாமா, நீ வெட்டினதைத் திரும்பப் போடு. அவன் சிரிக்கணும், நேரா நடக்கணும், தண்ணியைத் தாண்டணும். அதைப் பார்த்தாதான் அவங்களுக்கும் நம்பிக்கை வரும்." கதவுக்கு அப்பால் இருந்த பிள்ளைகளைத்தான் சொன்னாள். "இந்தத் தடவை சொல்லிட்டு எடு. நானே நடந்து காட்டறேன்."

மாமா அங்கேயே பென்சிலை எடுத்துவிட்டார். தொழில்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அத்தான் சர்ஜனின் ஆபீசுக்குப் போன் செய்து நாளைய சந்திப்பை ரத்து செய்தார். ஸ்கேன் உறையை அக்காவிடம் கொடுத்துவிட்டார். வீடு திரும்ப வண்டியில் ஏறியபோது எல்லோருக்கும் பசி, எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தான் மட்டும் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான்" என்று முன்சீட்டில் இருந்த மாமாவைக் கூப்பிட்டார். "அந்த மூட்டை தூக்கறவர், குழந்தையைத் தோள்ல வெச்சுக்கிட்டாரே. எனக்கு வந்தது அந்த ஒரு துண்டுதான்."

அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அதுக்கு முன்னாடி அவர் எப்படி நடந்தார், இறக்கிவிட்டதுக்கு அப்புறம் எப்படி நிமிர்ந்தார், நான் கேட்கவே இல்ல. எங்க ஆளும் உன்னை மாதிரிதான். ஒட்டாததை வெட்டிட்டுதான் கொடுப்பார்."

இன்றைக்கு லீவுதானே போட்டிருக்கிறீர்கள், நாளைக்குப் போய்ப் பார்க்கலாமே என்றாள் அக்கா, மெதுவாக. முழு வீடியோவும் ஆபீசில் இருக்கும், யாரும் அழித்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சாவியைத் திருகினார்.

பின்சீட்டிலிருந்து சிட்டு முன்னால் சாய்ந்தாள்.

"நானும் வந்து பார்க்கறேன்ப்பா. எது நிஜ நொண்டல்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

அத்தான் கண்ணாடியில் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. வண்டி திரும்பாமல், ஆபீஸ் இருக்கும் திசையில் நேராகப் போனது.